காக்கைதீவில் இரண்டு கட்டம்

இந்த டிரெய்லரில் முன்பு கொத்து போட்டார்கள்.
மழை வந்தால் சுவர் இன்னும்
எண்ணெயும் கறிவேப்பிலையுமாக வியர்க்கும்.
வெள்ளவத்தையில் வீட்டுக்காரர் கேட்ட
முற்பணத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்து
இதையே வாங்கிவிட்டோம்.
கட்டில் ஒன்று. காஸ் அடுப்பு ஒன்று.
காசு வாங்கிய சதுரம்தான் ஜன்னல்.

ஜெறோம் பழைய வானில் இழுப்பான்.
பக்கத்தில் இருந்து நான்
கைபேசியை வெளியே நீட்டி
சிக்னல் பார்ப்பேன்,
காய்ச்சல்காரனுக்கு நாடி பார்ப்பதுபோல.

காலிமுகத்திடலில் நான்கு கட்டம்,
ஆனால் ஒன்பதரைக்கு விசில் ஊதி எழுப்பினார்கள்.
தாமரைக் கோபுரத்தின் கீழே ஒன்றே ஒன்று.
"விளக்கடி இருட்டு" என்றான்.
கோபுரம் ஊதாவிலிருந்து பச்சைக்கு மாறியது,
எங்களைக் கேட்காமல்.
மட்டக்குளியைத் தாண்டி, களனி கங்கை
சேற்றோடு கடலில் விழுகிற இடத்தில்
இரண்டு.
போதும் என்று கல் வைத்தோம் சக்கரத்துக்கு.

எனக்கு வேலை கனடாவில்.
மூன்று பல் வைத்தியர்களின் கணக்கு.
யார் யாருக்குக் கடைவாய்ப் பல் போனது,
யார் இன்னும் காசு கட்டவில்லை,
எல்லாம் தெரியும் எனக்கு.
அவர்கள் பகல் என் நடுச்சாமம்.
நடுச்சாமத்தில்தான் இரவு டேட்டாவும் திறக்கும்.
பன்னிரண்டு அடிக்கும்வரை காத்திருப்போம்.
கரையில் தூண்டில் போட்டிருப்பவர்களும்
காத்திருப்பார்கள் போல;
அடித்ததும் இருட்டில் அங்கங்கே
முகங்கள் மட்டும் நீலமாகும்.
மீனுக்கு அதன்பிறகு கொஞ்சம் நிம்மதி.

ரூட்டர் வாங்கப் போன கதை வேறு.
இலக்கம் அறுபத்திரண்டு.
படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாய் இருந்தது.
"ஸ்திர லிபினய" என்றான் பொடியன்,
பேனாவின் பின்பக்கத்தால் அதைத் தட்டி.
தண்ணீர் பில், கரண்ட் பில், ஏதாவது ஒன்று.

பிறந்த வீட்டில் யாரோ.
கட்டிய வீடு இல்லை.
கொழும்பில் மாறிய ஏழு வீட்டையும் எழுத
இடம் காணாது.
டிரெய்லரின் நம்பர் பிளேட்டை எழுதிக் கொடுத்தேன்.
அப்போதுதான் முதல்முறை நிமிர்ந்து பார்த்தான்.
பெயர்ப்பட்டியில் தினுக என்றிருந்தது.
சுற்றிலும் பார்த்தான், அதை வெட்டினான்,
மேலே தெமட்டகொடையில் ஒரு போர்டிங் இலக்கம் எழுதினான்.
"மகேத்தான் அக்கா" என்றான்.
என்னுடையதுதான்.
பிறகு, தமிழில் பாதி:
"எனக்கும் அது ஸ்திரம் இல்லை."

மாதம்தோறும் பில்லைப் படம் எடுத்து அனுப்புகிறான்.
ஒருமுறை மூலையில் அவனுடைய சோற்றுப் பார்சல்.

ரூட்டர் வந்தும் பாடு தீரவில்லை.
தகரப் பெட்டிக்குள் அலை புகாது.
உள்ளே கட்டமே இல்லை;
வெளியே கையைத் தூக்கினால் இரண்டு.
கைபேசியில் மட்டும் கரையோர வீடுகளின் பெயர்கள்
எழுந்து வரும்:
நஸீர் குடும்பம், சுனில் அங்கிள் இரண்டு,
தயவுசெய்து கேட்க வேண்டாம்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னப் பூட்டு.
இந்த நகரத்தில் நான் பார்த்த பூட்டுகளில்
இவைதான் கோபமில்லாதவை.

நேற்று ஜெறோம் கூரையில் துளை போட்டான்.
வயரை மேலே இழுத்து
மூங்கிலில் கட்டி நிறுத்தினான்.
மூன்றாவது கட்டம் வந்தது!
இருவரும் சத்தம் போட்டோம், ஒரு நாய் குரைத்தது.

இன்றிரவு அதே துளையால் மழை.
கொத்துக்காரர் விட்டுப்போன
பெரிய தாச்சியை அதன்கீழ் வைத்திருக்கிறேன்.
டொரன்டோவில் யாருக்கோ பல் பிடுங்கிய பற்றுச்சீட்டு
தொண்ணூற்றேழு வீதத்தில் நிற்கிறது.
ஜெறோம் நனைந்தபடி
மூங்கிலைப் பிடித்துக்கொண்டு வெளியே.

"போய்ட்டுதா?" என்கிறான்.

இன்னும் இல்லை.
கொஞ்சம் கடல் பக்கம் சரி.